ஐ.பி. மனு: தாக்கல் முதல் விடுவிப்பு ஆணை வரை கடனாளிக்கு ஒரு வழிகாட்டி

ஒருவர் ஐ.பி., அதாவது கடனைத் தீர்க்க இயலாதவர் என்று தன்னை அறிவிக்கக் கோரும் நொடிப்பு மனு (இன்சால்வென்சி பெட்டிஷன்), கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், கடன் கொடுத்தவர்களை ஏமாற்றிவிட்டார் என்றே நம் ஊர்களில் பெரும்பாலோர் பொருள்கொள்கிறார்கள். கடனாளியோ, இனிக் கடனைச் செலுத்த இயலாது என்று கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிக்கும் மஞ்சள் நோட்டீஸை வக்கீல் மூலம் அனுப்பி, நீதிமன்றத்தில் மனுவுக்கு ஓர் எண் வாங்கிவிட்டால் இனி யாரும் தன்னை நெருங்க முடியாது என்று நம்புகிறார். இரண்டு எண்ணங்களும் தவறானவை. வாங்கிய கடனைத் திருப்பித் தர உண்மையாகவே வழியில்லாதவருக்குச் சட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழியில் நடப்பது குற்றமும் அல்ல, இழிவும் அல்ல. ஆனால் மனு எண் என்பது அதன் தொடக்கம் மட்டுமே. நீதிமன்றம் ஒருவரை நொடிப்பு நிலையில் உள்ளவர் என்று அறிவிப்பது நடுக்கட்டம். கடன்களிலிருந்து அவரை விடுவித்து ஆணை பிறப்பிப்பதே இறுதி. இந்த மூன்றாவது கட்டத்தை எட்டாமல் பாதியில் நின்றுவிடுபவர்தான் மிகுந்த இழப்புக்கு ஆளாகிறார். அவர் தன் சொத்து விவரம் அனைத்தையும் வெளிப்படுத்தியிருப்பார், ஊரில் பெயரும் கெட்டிருக்கும், கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மூல அதிகார எல்லைக்குள் (பெரும்பாலும் சென்னை நகரப் பகுதி) வசிப்பவருக்கு 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரங்கள் இன்சால்வென்சி சட்டம் பொருந்தும். அங்கே மனு உயர் நீதிமன்றத்துக்குச் செல்கிறது, சொத்துகளை அதிகாரபூர்வ சொத்தாட்சியர் கையாளுகிறார். தமிழ்நாட்டின் பிற பகுதிகளுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சி சட்டம் பொருந்தும். அதன்படி அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது என்றாலும், மாநில அரசு அந்த அதிகாரத்தைச் சார்பு நீதிமன்றங்களுக்கும் வழங்கலாம் என்பதால், நடைமுறையில் மனுக்கள் பெரும்பாலும் சப் கோர்ட்டிலேயே தாக்கலாகின்றன. நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடம், தொழில் நடத்தும் இடம், அல்லது உழைத்துப் பொருளீட்டும் இடம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் மனுச் செய்ய வேண்டும். கடன் கொடுத்தவர் வேறு மாவட்டத்தில் இருப்பது ஒரு பொருட்டல்ல. இந்த வழிகாட்டி 1920ஆம் ஆண்டுச் சட்டத்தையே பின்பற்றுகிறது.

2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு இந்த இரண்டு பழைய சட்டங்களையும் நீக்குவதாகக் கூறுகிறது. ஆனால் தனிநபர்களுக்கான அதன் மூன்றாம் பாகம், நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கடனாளிக்கு அது வந்து சேரவில்லை என்பதால், அவருக்குப் பழைய சட்டங்களே பொருந்துகின்றன. அந்தப் பாகத்தில், ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாத, சொந்த வீடும் இல்லாத ஏழைகளுக்குப் புதிய தொடக்கம் என்ற எளிய நடைமுறை ஒன்று உண்டு. அந்த வரம்புகள் இன்றைய வாழ்க்கைக்கு மிகச் சிறியவை என்பது என் கருத்து. இருந்தாலும் அந்த அளவுக்காவது அதை நடைமுறைப்படுத்தாமல் வைத்திருப்பது அந்த மக்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

மனுப் போடுவதற்கு முன் கடன்களைப் பிரித்துப் பாருங்கள்

எல்லாக் கடனும் ஒரே தன்மையுடையது அல்ல. வீட்டுக் கடன், வாகனக் கடன், நகைக் கடன் ஆகியவற்றில் ஏதோ ஒரு சொத்து கடன் கொடுத்தவரிடம் ஈடாக இருக்கிறது. அப்படி ஈடு வைத்திருப்பவரின் உரிமையை ஐ.பி. மனு தொடுவதில்லை, உங்களை நொடிப்பு நிலையில் உள்ளவர் என்று நீதிமன்றம் அறிவித்த பிறகும் அவர் அந்தச் சொத்தை விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஈடான சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க இடம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பியிருக்கும்போது, வீட்டைக் காப்பாற்றுவதற்காக ஐ.பி. போடச் சொல்லி யாரேனும் ஆலோசனை கூறினால், அந்த ஆலோசனையை ஏற்க வேண்டாம். கைமாற்றாக வாங்கிய பணம், புரோநோட்டுக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன், ஈடு இல்லாத மைக்ரோ ஃபைனான்ஸ் கடன், சரக்குக் கடையின் பாக்கி, ஏலச்சீட்டு எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்ட தவணை ஆகியவையே இந்த மனுவால் உண்மையான பயன் பெறக்கூடிய கடன்கள்.

கடைசியில் விடுவிப்பு ஆணை கிடைத்தாலும் தீராத கடன்களும் சில உள்ளன. அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை, மோசடியாலோ நம்பிக்கை மோசடியாலோ ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்கு நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் ஆகியவை அப்படிப்பட்டவை. உங்கள் சுமையில் பெரும்பகுதி இவையாகவே இருந்தால் ஐ.பி. உங்களுக்கு உரிய வழி அல்ல. காசோலை கொடுத்து அது பணமின்றித் திரும்பியிருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் வரும் வழக்கு குற்றவியல் வழக்கு என்பதால், ஐ.பி. மனுவைக் காட்டி அதிலிருந்து விலக முடியாது. அந்த வழக்கைத் தனியாக எதிர்கொள்ள வேண்டும்.

உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் இந்த இடத்திலேயே நினைத்துப் பார்க்க வேண்டும். விடுவிப்பு ஆணை கடனாளியை மட்டுமே விடுவிக்கும். ஜாமீன்தாரரையும் கூட்டாகக் கையெழுத்திட்டவரையும் அது விடுவிக்காது என்று 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. நீங்கள் விலகியதும் முழுத் தொகையும் அவர் தலையில் விழும். அவருக்கு நீதிமன்ற அறிவிப்பு மூலமோ செய்தித்தாள் மூலமோ இது தெரியவரக் கூடாது. மனுவைத் தயாரிக்கும்போதே நேரில் சென்று சொல்லிவிடுவதே நேர்மை.

கடன் கொடுத்தவர் கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று வாங்குபவராக இருந்தால், 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூலிப்புத் தடைச் சட்டத்தை முதலில் பயன்படுத்துங்கள். அந்தக் குற்றத்துக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. நியாயமாகத் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியுள்ளது. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூல் முறைகளைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் தனியே ஒரு சட்டத்தையும் நிறைவேற்றியது. வசூல் முகவர்களின் மிரட்டலைத் தடுக்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் தேவையானால், அதற்கு இவையே நேரான வழிகள். இந்த நெருக்கடியில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால், வேறு எதையும் யோசிக்காமல் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைத்துப் பேசுங்கள். எந்தக் கடனுக்கும் ஓர் உயிர் ஈடாகாது.

மனுச் செய்யத் தகுதி

தகுதி எளிதானது. கடன்களைத் தீர்க்க இயலாத நிலையில் இருக்க வேண்டும். அதோடு, கடன் தொகை 500 ரூபாயாவது இருக்க வேண்டும், அல்லது பணத் தீர்ப்பாணையின் நிறைவேற்றத்தில் நீங்கள் கைது செய்யப்பட்டிருக்க வேண்டும், அல்லது உங்கள் சொத்து ஜப்தி செய்யப்பட்டு அந்த ஜப்தி நடப்பில் இருக்க வேண்டும். 1920இல் விதித்த அந்த 500 ரூபாய் இன்று ஒரு தடையே அல்ல. இயலாமைதான் உண்மையான கேள்வி. நான்கு லட்சம் கடனும் முப்பது லட்சம் பெறுமான காலி மனையும் உள்ளவர் இயலாதவர் ஆகமாட்டார். அவர் செய்ய வேண்டியது மனையை விற்பதே.

மஞ்சள் நோட்டீஸ் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். மனு எதுவும் போடும் எண்ணம் இல்லாமல், கடன் கொடுத்தவர்கள் பயந்து பாதித் தொகைக்கு இணங்கிவிடுவார்கள் என்ற கணக்கில் நோட்டீஸ் மட்டும் அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கடன் செலுத்துவதை நிறுத்திவிட்டேன், அல்லது நிறுத்தப் போகிறேன் என்று ஒருவருக்கு அறிவிப்புக் கொடுப்பதே 6ஆம் பிரிவின்படி ஒரு நொடிப்புச் செயல். அதை அடிப்படையாகக் கொண்டு, மூன்று மாதங்களுக்குள், கடன் கொடுத்தவரே உங்கள்மீது மனுச் செய்து உங்கள் சொத்துகளை, நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியான ரிசீவரிடம் கொண்டுபோக முடியும். எனவே அந்த நோட்டீஸை மிரட்டலாகப் பயன்படுத்துவது ஆபத்தானது.

பட்டியல்தான் மனுவின் உயிர்

13ஆம் பிரிவு கேட்கும் விவரங்களில் மற்றவை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். கடன் பட்டியலும் சொத்துப் பட்டியலும்தான் மனுவை நிலைக்கச் செய்வதோ வீழ்த்துவதோ ஆகும். பள்ளிபாளையத்தில் கூலிக்குத் துணி நெய்து கொடுக்கும் ஒரு சிறு விசைத்தறி உரிமையாளரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நூல் கடையில் ஒன்றரை லட்சம் பாக்கி, புரோநோட்டு எழுதிக் கொடுத்து மூவரிடம் வாங்கியது மூன்று லட்சம், மனைவி பெயரில் மகளிர் குழுக் கடன், நகைக் கடன், எடுத்த சீட்டுக்குப் பன்னிரண்டு தவணை பாக்கி, மைத்துனரிடம் எழுத்து ஏதும் இல்லாமல் வாங்கிய ஐம்பதாயிரம். பட்டியல் எழுதும்போது அவர் முதலில் விட்டுவிட நினைப்பது மைத்துனரைத்தான். குடும்பத்துக்குள் முகம் கோணக் கூடாது என்பதும், அந்தப் பணத்தை மட்டும் எப்படியாவது கொடுத்துவிடலாம் என்பதும் காரணம். அந்த இரக்கம் மனுவுக்குக் கேடு. மற்றவர்களுக்குக் கொடுக்காமல் ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை தந்து கொடுத்த பணம், மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட்டிருந்தால், 54ஆம் பிரிவின்கீழ் செல்லாததாக்கப்படலாம். அது விடுவிப்பு ஆணையையும் பாதிக்கும். மனைவி பெயரில் உள்ள குழுக் கடன் மனைவியின் கடன். கணவர் அதில் கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே அது அவருடைய பட்டியலில் இடம்பெற வேண்டும்.

ஒவ்வொரு கடனுக்கும், கொடுத்தவரின் பெயர், தகப்பனார் பெயர், முழு முகவரி, வாங்கிய தேதி, அசல், இதுவரை கட்டியது, மீதி, எழுதிக் கொடுத்த ஆவணம், வழக்கு இருந்தால் அதன் எண் ஆகியவற்றை எழுதுங்கள். முகவரி தவறாக இருந்தால் நீதிமன்ற அறிவிப்பு சார்வாகாமல், அதாவது உரியவரிடம் சேராமல் திரும்பிவரும். ஒவ்வொரு முறையும் பேட்டா என்னும் அறிவிப்புக் கட்டணம் கட்டி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். வாய்தாக்கள் அதிலேயே கழியும். கொடுத்த தேதியோ தொகையோ நினைவில் இல்லையென்றால் ஊகித்து எழுதாமல், வங்கிக் கணக்கு அறிக்கையையும் பழைய டைரியையும் பார்த்து எழுதுங்கள். பட்டியலை நீளமாக்க உறவினர் பெயரில் இல்லாத கடனைச் சேர்ப்பது சிலர் செய்யும் பெரும் தவறு. குறுக்கு விசாரணையில், அந்த உறவினர் அத்தனை பணத்தை எங்கிருந்து கொடுத்தார் என்ற ஒரே கேள்வியில் அது அம்பலமாகிவிடும். 69ஆம் பிரிவின்கீழ் மோசடிச் செயல்களுக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

சொத்துப் பட்டியலில் பூர்வீகச் சொத்தில் உள்ள பிரிக்கப்படாத பங்கையும், பிறரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டிய பணத்தையும் சேர்க்க வேண்டும். வில்லங்கச் சான்று எடுத்து மனுவோடு இணைத்துவிடுவது நல்லது. எதிர்த்தரப்பு எப்படியும் எடுக்கத்தான் போகிறது. கடன் முற்றிய பிறகு வீட்டை மனைவிக்கோ மகனுக்கோ செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிவைத்தவர்கள் இந்த இடத்தில்தான் அகப்படுகிறார்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள், உரிய விலை பெறாமல் செய்த அத்தகைய மாற்றத்தை 53ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் ரத்து செய்யலாம். அப்படி ஏற்கெனவே எழுதியிருந்தால் அதை மறைக்காமல் வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

எல்லாச் சொத்தும் போய்விடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து எதற்கெல்லாம் விலக்களிக்கிறதோ அவை ரிசீவருக்கும் போகா. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க் கருவிகளும் மாடுகளும் விதை நெல்லும், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம் ஆகியவை அந்த விலக்கில் அடங்கும். விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் சொந்தமாக்கிக் குடியிருக்கும் வீட்டுக்கும் விலக்கு உண்டு. மற்றவர் வீட்டுக்கு இல்லை. கைத்தறியை நெசவாளியின் கருவி என்று எளிதில் நிறுவலாம்; விசைத்தறிக்கு அதே விலக்கு உண்டா என்பது வாதத்துக்குரியது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாக்கப்படுகின்றன. 25,000 ரூபாய் சம்பளம் வாங்குபவரிடம், ஜீவனாம்சம் அல்லாத கடனுக்கு, மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் ஜப்தி செய்ய முடியாது. விலக்குள்ள பொருளையும் பட்டியலில் எழுதி, அதன் எதிரே விலக்குக் கோருங்கள்.

தாக்கலுக்கும் அறிவிப்புக்கும் இடையில்

பிராது (வழக்கு மனு) போலவே உறுதிமொழியோடு கையெழுத்திட்ட மனு, வக்காலத்து, பட்டியல்கள், ஆவணங்கள் ஆகியவற்றோடு தாக்கல் செய்தபின், நீதிமன்றம் மனுவைக் கோப்பில் எடுத்து, விசாரணைத் தேதி குறித்து, எதிர்மனுதாரர்களான கடன் கொடுத்தோருக்கு அறிவிப்பு அனுப்பும். எல்லோருக்கும் நேரில் சார்வு செய்ய இயலாதபோது நாளிதழில் விளம்பரம் வரும். சார்பு நீதிபதி அவர்கள் முன்னிலையில் என்று தொடங்கி, ஐ.பி. எண்ணும், மனுதாரர் பெயரும், எதிர்மனுதாரர் வரிசையும், ஆட்சேபணை இருந்தால் இந்தத் தேதியில் காலை 10.30 மணிக்கு நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராக வேண்டும் என்ற வாசகமுமாக உள்ளூர்ப் பதிப்பின் ஓரத்தில் சிறிய எழுத்தில் வரும் கட்டம்தான் அது. அந்த விளம்பரத்தை உங்கள் தெருவிலும் படிப்பார்கள். குடும்பத்தாரிடம், குறிப்பாகப் பள்ளி கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம், அதற்கு முன்பே விளக்கிச் சொல்லியிருப்பது அவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவி. வசதியில்லாதவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அந்த உதவி உண்டு. உதவி எண் 15100.

மனு தாக்கலானதும் எல்லா வழக்குகளும் தாமாகவே நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. கடன் கொடுத்தவர் நீதிமன்ற அனுமதியின்றி வழக்குத் தொடரக் கூடாது என்ற 28ஆம் பிரிவின் தடை, நொடிப்பு நிலை அறிவிக்கப்பட்ட பிறகே செயல்படும். அதற்கிடையில், தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரிக் கடன் கொடுத்தவர் போட்ட நிறைவேற்று மனுவில் சொத்து ஏலத்துக்கு வந்துவிட்டால், உங்கள் ஐ.பி. மனு கோப்பில் எடுக்கப்பட்ட விவரத்தை ஏலம் நடக்கும் முன்பே அந்த நிறைவேற்று நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்க ஆணையிடும்படி 52ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்ய வேண்டும். இடைக்கால ரிசீவரை நியமிக்கும்படி கேட்பதும் இதற்கு உதவும். பணத் தீர்ப்பாணைக்காகக் கைதாகிச் சிறையில் இருப்பவரை விடுவிக்க 23ஆம் பிரிவு இடம் தருகிறது. வசதி இருந்தும் வேண்டுமென்றே கொடுக்காதவரைத் தவிர, வெறும் இயலாமைக்காக ஒருவரைச் சிறையிலிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் கூறியதையும், கைது வாரண்ட் வரும் நிலையில் உங்கள் வக்கீல் எடுத்துக்காட்ட வேண்டும்.

விசாரணையன்று நீங்களே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். கடன் எப்படி வந்தது, பணம் எங்கே போயிற்று, இப்போது வருமானம் என்ன என்பவையே பெரும்பாலும் கேள்விகள். மனுச் செய்தவர் கடனாளியாக இருக்கும்போது, இயலாமைக்கு முதல் நோக்கில் நம்பத்தக்க ஆதாரம் காட்டினால் போதும் என்று 24ஆம் பிரிவு கூறுகிறது. கடனாளியின் நடத்தையை ஆராயும் இடம் விடுவிப்புக் கட்டம்தான் என்பது, ஆங்கிலேயர் ஆட்சியில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் காலம் முதலே உள்ள நிலை. வாய்தாவுக்குத் தவறாமல் போங்கள். ஆஜராகாத காரணத்தால் மனு தள்ளுபடியானால் அதுவரை செலவிட்ட காலமும் பணமும் வீண்.

அறிவிப்புக்குப் பின் வரும் வாழ்க்கை

நொடிப்பு நிலை அறிவிக்கப்பட்டதும், விலக்குள்ளவை நீங்கலாக உங்கள் சொத்து ரிசீவர் வசமாகிறது. விடுவிப்புக்கு முன் உங்களுக்கு வந்து சேரும் பாகம், பரம்பரைச் சொத்து முதலியனவும் அவர் வசமே போகும். கைதிலிருந்து காப்பு வேண்டுமானால் 31ஆம் பிரிவின்கீழ் தனியாக மனுச் செய்ய வேண்டும். ரிசீவர் கேட்கும் கணக்குப் புத்தகம், சாவி, பத்திரம் எதையும் தர மறுக்காதீர்கள். குடும்பச் செலவுக்காகச் சொத்திலிருந்து ஒரு தொகையை அனுமதிக்கும்படி 66ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

இந்தக் காலத்தில், விடுவிக்கப்படாத நிலையில் இருப்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கடையில் எழுதிவைத்து வாங்கும் மளிகைப் பொருளும் கடன்தான் என்பதை மறக்கக் கூடாது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. உள்ளாட்சிப் பதவிக்கும், நிறுவன இயக்குநர் பதவிக்கும் தடை உண்டு. வாக்குரிமை போகாது. அரசு ஊழியராக இருந்தால், இத்தகைய நடவடிக்கை தொடங்கியதுமே தம் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நடத்தை விதிகள் கூறுகின்றன. மறைத்தால் கடனைவிட அதுவே வேலைக்கு ஆபத்தாகும்.

கையில் ஒரு பகுதித் தொகை திரட்ட முடிந்தால், 38ஆம் பிரிவின்கீழ் சமரசத் திட்டம் ஒன்றை முன்வைக்கலாம். கூட்டத்துக்கு வந்த, கடனை நிரூபித்த கடன் கொடுத்தோரில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும், கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்கினரும் ஏற்றுக்கொண்டு, நீதிமன்றமும் ஒப்புதல் அளித்தால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஊர்ப் பெரியவர் முன்னால் பேசி முடிக்கும் சமரசத்துக்கு இல்லாத வலிமை இதற்கு உண்டு. இணங்காத ஓரிருவர் பின்னர் தனியே வழக்குப் போட முடியாது.

விடுவிப்பு ஆணை

அறிவிப்பு ஆணையிலேயே, விடுவிப்புக்கு எந்தக் காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் குறிப்பிட்டிருக்கும். அந்தத் தேதியை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவையுங்கள். அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் 43ஆம் பிரிவின்படி அறிவிப்பே ரத்தாகும்; அப்போது கடன் கொடுத்தவர்களுக்குப் பழைய உரிமைகள் திரும்பிவிடும். இடையில் மூன்றாண்டுக் காலவரையறை கடந்துவிட்டதே என்று சொல்லவும் முடியாது. அறிவிப்பு நடப்பில் இருந்த காலத்தைக் கழித்துவிட்டுத்தான் 78ஆம் பிரிவு கணக்கிடுகிறது. வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டு, இந்த ஒரு விண்ணப்பத்தைத் தவறவிட்டவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதினேன் என்றும் சொல்லலாம்.

விடுவிப்பு விண்ணப்பத்தின்போதுதான் உங்கள் நடத்தை எடைபோடப்படும். சொத்தின் மதிப்பு, ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாவுக்குக் குறைவாக, அதாவது பாதிக்கும் குறைவாக இருந்தால், அது உங்கள் பொறுப்பில்லாத காரணங்களால் நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டும். மருத்துவமனை ரசீது, நூல் விலை ஏறிய மாதங்களின் பில்கள், வேலை போனதற்கான கடிதம், பயிர் கருகியதற்கான கிராம நிர்வாக அலுவலர் சான்று போன்றவை அங்கே பேசும். அவற்றை மனுப் போடும் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். தொழில் செய்தவர் மூன்றாண்டுக் கணக்கு எழுதாதது, திருப்பித் தர வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கியது, சூதாட்டம், ஆடம்பரச் செலவு, சொத்தை மறைத்தது ஆகியவற்றில் ஒன்று நிரூபணமானாலும் நிபந்தனையற்ற விடுவிப்பு கிடைக்காது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர் அதைக் குடும்பச் செலவு என்று எழுதிவைத்தால், வங்கி அறிக்கையே அவருக்கு எதிரான சாட்சியாகும். உண்மையைச் சொன்னவருக்கு நீதிமன்றம் விடுவிப்பைச் சில காலம் ஒத்திவைத்தோ, வருங்கால வருமானத்தில் ஒரு பகுதியைச் செலுத்தும் நிபந்தனையோடோ வழங்க இடமிருக்கிறது. பொய் சொன்னவருக்கு அந்த வாய்ப்பும் குறைந்துவிடும்.

ஆணை கிடைத்ததும் சான்றிட்ட நகல்கள் பல வாங்கி, நிலுவையில் உள்ள ஒவ்வொரு வழக்கிலும் தாக்கல் செய்யுங்கள். பட்டியலில் இருந்த வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ஸ்பீடு போஸ்ட் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலிருந்தும், ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையைப் பெற்றுப் பாருங்கள். விடுவிக்கப்பட்ட கடன் இன்னும் வசூலிக்க வேண்டிய நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால், ஆணை நகலோடு திருத்தம் கோருங்கள். புகாரை 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்த இழப்பீட்டையும் சேர்த்தே கேளுங்கள்.